ஹெர் ப்றொக்மனுக்கு ஒரு பொன்னாடை

அந்தக் கோழி கத்தியபோது நான் இன்னும் வணக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

உயிருள்ள கோழி இல்லை. முட்டை அவிக்க நேரம் வைப்பதற்காகக் குசினியில் வைத்திருப்பார்களே, மஞ்சள் பிளாஸ்டிக் கோழி, அது. கழுத்தைத் திருகிவிட்டால் டிக் டிக் என்று ஓடும். நேரம் முடிந்தால் கிர்ரென்று கத்தும். ஹம்பேர்க்கில், வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வந்து படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில், வரலாற்று ஆசிரியர் ஹெர் ப்றொக்மனின் மேசை மேல் அது குந்தியிருந்தது.

யாராவது றெஃபராட் செய்ய எழும்பினால் ஹெர் ப்றொக்மன் கோழியின் கழுத்தைத் திருகுவார். றெஃபராட் என்றால் வகுப்புக்கு முன்னால் நின்று ஒரு விஷயத்தைப் பேசிக் காட்டுவது. அதற்குப் புள்ளி உண்டு. கால் மணி நேரம்தான். கோழி கத்தினால் பேச்சு முடிந்தது. வசனத்தின் நடுவில் நின்றாலும் அதோடு நிறுத்தவேண்டியதுதான்.

நான் வசனத்தின் நடுவில்கூட நிற்கவில்லை. மறுமலர்ச்சிக்கால எழுத்தாளர்கள் பழைய கிரேக்கரையும் ரோமரையும் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது எனக்குத் தந்த தலைப்பு. அந்தத் தலைப்பே இன்னும் என் வாயிலிருந்து வரவில்லை. என் கையில் ஒலிவாங்கி. ஆசிரியரின் தோளில் சரிகை போட்ட பொன்னாடை. பின்வாங்கில் என் கணவர், ஏதோ பிஷப்பை விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்தவர் மாதிரிப் பெருமையோடு இருக்கிறார்.

"நன்றி. நேரம் முடிந்தது," என்றார் ஹெர் ப்றொக்மன்.

இந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்வதற்கு மனுவலில் தொடங்கவேண்டும். எங்கள் வீட்டில் எந்த அனர்த்தமும் அவரில்தான் தொடங்கும்.

மைக் பிடித்தவர்

மனுவல் என் கணவர். போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய சலவைக்கூடக் கதையைப் படித்துவிட்டு, "அதிலை நான் ஒரு இடத்திலையும் இல்லையே" என்று மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். இந்த வாரம் இருக்கிறார். வாசித்த பிறகு ஏன் எழுதினாய் என்று கேட்கக்கூடாது.

கிழமை நாட்களில் துறைமுகப் பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். சனி, ஞாயிறு வந்தால் ஆளே வேறு. எங்கள் தமிழ்க் கத்தோலிக்கரின் நத்தார் ஒளிவிழா, முதல்நன்மை, கலியாணம், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அவர்தான் அறிவிப்பாளர். சொந்தமாக ஒலிவாங்கியும் சில்லுப் பூட்டிய ஸ்பீக்கர் பெட்டியும் வைத்திருந்தார். யாரும் கேட்காவிட்டாலும் இழுத்துக்கொண்டு போவார்.

எங்கள் மேடைகளில் வணக்கம் சொல்வது லேசான வேலை இல்லை. பாதரிலிருந்து தொடங்கி, தலைவர், செயலாளர், முன்னாள் தலைவர், முன்னாள் தலைவரோடு கோபித்துக்கொண்டு போன முன்னாள் செயலாளர் என்று இறங்கி வரவேண்டும். ஒருவர் விடுபட்டாலும் கதை கந்தல்.

ஒருமுறை திருவிழாவில் மட்டன் றோல்ஸ் செய்து தந்த செபமாலை அண்ணையின் பெயரை மனுவல் விட்டுவிட்டார். அண்ணை அடுத்த ஞாயிறிலிருந்து ஜெர்மன் பூசைக்குப் போகத் தொடங்கினார். ஒரு சொல் விளங்காமல் போய் முழங்காலில் நின்றுவிட்டு வருவார். அவரைத் திருப்பிக் கூட்டிவர எங்களுக்கு இரண்டு உயிர்ப்புத் திருவிழா பிடித்தது. அந்தக் காலம் முழுக்க எங்களுக்கு நல்ல றோல்ஸும் இல்லை.

அன்றிலிருந்து மனுவல் யாரையும் விடுவதில்லை. மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பை வைத்திருக்கிற ஜெர்மன்காரருக்கும் வணக்கம். வாகனத் தரிப்பிடத்தில் நிற்பவருக்கும் வணக்கம். சபை நித்திரையானாலும் வணக்கம் நிற்காது.

எழுதாத சோதனை

எனக்கு இதற்கு நேர்மாறான குணம். வீட்டில் வாய் ஓயாது. வெளியில் நாலு பேருக்கு முன்னால் நின்றால் நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.

மாலைப் பள்ளிக்கூடத்தில் நான் ஜன்னலோரம் இருந்தேன். பக்கத்தில் யாட்விகா, போலந்துக்காரி, நகரப் பேருந்து ஓட்டுபவள். நான் பேசவேண்டிய இடங்களிலும் அவளே பேசுவாள். ஹெர் ப்றொக்மன் என்னிடம் கேள்வி கேட்டால் நான் யாட்விகாவைப் பார்ப்பேன். என் ஜெர்மன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பிடித்த ஜெர்மன். கட்டில்விரிப்பு, கறை, சூடு, கெதியாக, இவ்வளவுக்கும் சொல் இருந்தது. மறுமலர்ச்சிக்கு இல்லை.

பிறகு ஏன் அங்கே போனேன் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூடத்து இறுதிப் பரீட்சையான ஏ.எல். சோதனை எழுதினேன். இரண்டு பாடம் எழுதியாயிற்று. மூன்றாவது வரலாறு. அன்று காலையில் பேனைக்கு மை நிரப்பி, தலை வாரி, வாசலில் சைக்கிளை எடுத்துவைத்தபோது ஷெல் விழத் தொடங்கிவிட்டது. மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் பெட்டியைக் கட்டினோம். பிறகு எத்தனையோ இடம், கடைசியில் ஜெர்மனி.

மற்றவர்கள் இழந்ததோடு பார்த்தால் ஒரு சோதனை பெரிய விஷயமில்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் எனக்குக் கோபம். துக்கமில்லை, சுத்தமான கோபம். ராத்திரி முழுக்கப் பாடமாக்கியதைக் கொட்ட விடவில்லையே என்ற கோபம். யூரோ புழக்கத்துக்கு வந்து சில வருடங்களில், ஏறக்குறைய நாற்பது வயதில், போய்ப் பதிந்தேன்.

றெஃபராட் வந்தபோது நிலைமை இது. அந்த அரையாண்டை நான் ஏற்கெனவே ஒருமுறை திரும்பப் படித்துவிட்டேன். இன்னொருமுறை படிக்க விதி இடம் தராது. எழுத்தில் மட்டமாகச் செய்திருந்தேன். றெஃபராட்டில் தேறினால் வரலாறு தப்பும். தேறாவிட்டால் பள்ளிக்கூடம் முடிந்தது. வரலாறு என்ற பாடத்துக்கும் எனக்கும் ஏதோ செய்வினை இருக்கிறது என்றே நினைத்தேன்.

குசினியில் கூறைச்சேலை

தலைப்புக்காக வாசிக்கத் தொடங்கினேன். வாசித்த பிறகுதான் தெரிந்தது, அந்த மறுமலர்ச்சி ஆட்கள் எல்லோருக்கும் கொஞ்சம் கழன்றிருந்தது.

ஃப்ளோரன்ஸ் நகரத்தில் ஒருவர் பெரிய அரச உத்தியோகத்தில் இருந்தார். ஆட்சி மாறியது, ஆளைத் தூக்கிவிட்டார்கள். ஊர்ப்புறத்தில் போய் இருந்தார். பகல் முழுக்கச் சாராயக் கடையில் இறைச்சிக்கடைக்காரனோடு சீட்டு விளையாட்டு, சில்லறைக் காசுக்குச் சண்டை. பொழுதுபட்டதும் வீட்டுக்கு வருவார். சேறு பிடித்த உடுப்பைக் கழற்றி வாசலில் எறிவார். அரசவைக்குப் போகிற உடுப்பை உடுத்துவார். உடுத்திக்கொண்டு எங்கும் போகமாட்டார். தன் அறைக்குள் போய்ப் பழைய ரோமர் எழுதியதைத் திறந்து, நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவர்களையே கேட்பார். அவர்களும் மரியாதையாகப் பதில் சொல்வார்களாம்.

எனக்கு அந்த மனுசனைப் பிடித்துப்போனது. நானும் பகல் முழுக்க மற்றவர்களின் கட்டில்விரிப்போடு கிடக்கிறவள்தான். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, குளித்து, என் கூறைச்சேலையை எடுத்து உடுத்தேன். கொண்டை போட்டேன். குசினி மேசையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, பாடம் ஏறியது. கூறைச்சேலையோடு கூனிக்கொண்டு படிக்க ஏலாது.

மனுவல் வேலையால் வந்து கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. அறைக்குள் ஓடி, கோட் சூட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இஞ்சேர், ஆற்றை விசேஷம்? நான் மறந்தே போனன்."

"விசேஷம் ஒண்டுமில்லை. நான் படிக்கிறன்."

"கூறைச்சேலையோடையோ?"

"ஓம். செத்த ஆக்களோடை கதைக்கப் போறதெண்டால் மரியாதையா உடுக்கவேணுமாம்."

அவர் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார். மனுசிக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கவேண்டும். நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்றதும் இன்னும் பயந்துபோனார்.

நான் மற்றக் கதையையும் சொன்னேன். இத்தாலியில் ஒரு கவிஞர். செத்துப்போன ரோமப் பேச்சாளர் ஒருவரின் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. வெரோனா நகரத்துத் தேவாலய நூலகத்தில் அந்தப் பேச்சாளர் தன் ஆட்களுக்கு எழுதிய கடிதங்கள் கையில் கிடைத்தன. வாசித்துப் பார்த்தால், தெய்வம் என்று நினைத்த ஆள் சாதாரண அரசியல்வாதி. புறுபுறுக்கிறார், கட்சி மாறுகிறார், வயதுபோன காலத்தில் வம்புக்குப் போகிறார். கவிஞருக்கு வந்ததே கோபம். உட்கார்ந்து அந்த ரோமருக்கே கடிதம் எழுதினார், இந்த வயதில் உமக்கு இது தேவையா என்று. பிறகு மனம் கேட்காமல் சமாதானமாக இன்னொரு கடிதம்.

"பதில் வந்ததே?" என்று கேட்டார் மனுவல்.

"அந்தாள் செத்து ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலை."

"அதுக்கென்ன? நாங்கள் செவ்வாய்க்கிழமையிலை கோயிலிலை அந்தோனியாரோடை கதைக்கிறேல்லையே? அவர் செத்து எவ்வளவு காலம்? திறப்புத் துலைஞ்சா எடுத்துத் தாறார் தானே."

எனக்கு அது சுரீரென்று பட்டது. பல வாரம் புத்தகத்தில் தேடியும் கிடைக்காத விளக்கத்தைக் கழுத்துப்பட்டியோடு இருந்து சொல்லிவிட்டார். ஆனால் அவருக்கு முன்னால் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டால் பிறகு ஆளைப் பிடிக்க ஏலாது.

களவும் தேனும்

இன்னும் இரண்டு சங்கதி சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்குச் சிரிப்பு வந்தவை.

ஒரு கூட்டம், அந்த ரோமப் பேச்சாளர் பாவித்த சொற்களைத் தவிர வேறு லத்தீன் சொல்லே தொடமாட்டோம் என்று சத்தியம் செய்ததுபோல இருந்தது. பேச்சாளரோ யேசு பிறக்க முதலே செத்தவர். அவரிடம் கன்னியாஸ்திரிக்குச் சொல் எங்கே? ஆகவே கன்னியாஸ்திரிகளை ரோமக் கோயில் கன்னியர் என்று எழுதினார்கள். பரமபிதாவுக்கு ரோமரின் இடிமின்னல் தெய்வத்தின் பெயர். இதை நான் சொன்னதும் மனுவல் எழும்பி நின்று சிலுவை போட்டுக்கொண்டார். "உதை எங்கடை பாதருக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார்.

மற்றது களவு. பழையவர்களிடமிருந்து எடுக்கலாம், ஆனால் அப்படியே எடுக்கக்கூடாது, தேனீ பூக்களில் எடுத்துத் தன் தேனாக்குவதுபோல எடுக்கவேண்டும் என்று அவர்கள் அழகாக எழுதினார்கள். தேடிப் பார்த்தால், அந்தத் தேனீ உவமையையே ஒரு பழைய ரோமரிடமிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். களவெடுக்காதே என்ற புத்திமதியும் களவு. யாட்விகாவிடம் சொன்னேன். அடுத்த நிறுத்தம் வரும்வரை சிரித்தாள். அவள் பேருந்தில்தான் நான் அன்று போய்க்கொண்டிருந்தேன்.

மனுவலின் பயிற்சி

விஷயம் எல்லாம் என் தலையில் இருந்தது. வாய்தான் இல்லை. றெஃபராட்டுக்கு டெர்மின், அதாவது தவணை நாள், குறித்துத் தந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நீர் ஏன் பயப்பிடுறீர்?" என்றார் மனுவல். "துவக்கம் சரியா வந்திட்டால் மிச்சம் தன்பாட்டிலை வரும். துவக்கத்தை நான் எழுதித் தாறன்."

என் புத்தி எங்கே போனதோ, சரி என்றேன். பயந்தவள் கைப்பிடி எங்கே கிடைத்தாலும் பிடிப்பாள்.

அவர் எழுதினார். முதலில் வணக்கம். பிறகு அவையடக்கம். பிறகு பொன்னாடை. பிறகுதான் விஷயமாம். விறாந்தையில் ஒலிவாங்கியைப் பூட்டிப் பயிற்சி தந்தார். கீழ்வீட்டுக்காரி கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையில் இடித்தாள். "பாரும், கைதட்டுகினம்" என்றார்.

பொன்னாடையைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்குள் பொன்னாடை ஒருவர் வீட்டில் தங்குவதில்லை. இன்று எனக்குப் போர்த்தியதை நாளை நான் உங்களுக்குப் போர்த்துவேன். நீங்கள் அதை நடன ஆசிரியைக்குப் போர்த்துவீர்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டோம். எங்கள் அலுமாரியில் அப்போது இருந்தது மனுவலுக்கு ஒளிவிழாவில் விழுந்தது. அதன் மூலையில் ஒரு மஞ்சள் கறை. நான் சலவைக்காரி, எனக்குத் தெரியும், அது செபமாலை அண்ணையின் றோல்ஸ் எண்ணெய். போகாது.

கோழி கத்தியது

கணவர் வரலாமா என்று ஹெர் ப்றொக்மனிடம் கேட்டிருந்தேன். "விருந்தினர் வரலாம், வாயைத் திறக்காமல் இருந்தால்," என்றார். மனுவலிடம் அதைச் சொன்னபோது, "நான் எப்ப கதைச்சனான்?" என்றார்.

அன்று மாலை ஸ்பீக்கர் பெட்டியை எஸ்-பான் என்கிற நகர ரயிலில் ஏற்றி, படியில் தூக்கி, வகுப்புக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். வகுப்பில் மொத்தமே ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருத்தக்கூடிய ஆட்கள்தான். ஹெர் ப்றொக்மன் பெட்டியைப் பார்த்தார், மனுவலைப் பார்த்தார். கோழியின் கழுத்தைத் திருகினார்.

நான் ஒலிவாங்கியை வாங்கினேன். பாடமாக்கியதைத் தொடங்கினேன். மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம். அங்கே இல்லாத பள்ளிக்கூட அதிபருக்கு வணக்கம். கதவு திறந்துவிடும் காவலருக்கு வணக்கம். மாணவர் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி வணக்கம். நேரம் காக்கும் கோழிக்கும் வணக்கம், அதையும் மனுவல் விடவில்லை. சுவரெல்லாம் அதிர்ந்தது. பக்கத்து வகுப்பில் கணிதம் நின்றுவிட்டது.

பிறகு அவையடக்கம். இங்கே நிற்க எனக்குத் தகுதி இல்லை. என் ஜெர்மன் சலவைக்கூடத்து ஜெர்மன். பிழை இருந்தால் என்னுடையது, சரி இருந்தால் ஆசிரியருடையது. இதை நான் விரித்து விரித்துச் சொல்ல, முன்வாங்கில் இருந்த ஒரு தம்பி பாவப்பட்டு, "அப்படியில்லை, உங்களுக்குத் தகுதி இருக்கிறது" என்றான். எங்கள் சபையில் இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. நான் தடுமாறி, தகுதி இல்லை என்பதை முதலிலிருந்து திரும்பச் சொன்னேன்.

பிறகு பொன்னாடையை விரித்துக்கொண்டு போனேன். ஹெர் ப்றொக்மன் கதிரையோடு கொஞ்சம் பின்னால் போனார். விடவில்லை, போர்த்திவிட்டேன். மனுவல் தனியாகக் கைதட்டினார்.

கோழி கத்தியது.

பெறுமதி என்ன

எனக்குக் காது அடைத்தது. மூன்றாவது தடவையும் வரலாறு கையை விட்டுப் போகிறது என்று மட்டும் தெரிந்தது. ஷெல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. வணக்கம் சொல்லியே போகிறது.

ஹெர் ப்றொக்மன் பொன்னாடையின் நுனியை விரலால் தூக்கிப் பார்த்தார். "பேச்சு முடிந்தது. விதிப்படி இனிக் கேள்வி நேரம். முதல் கேள்வி என்னுடையது. இது என்ன?"

"மரியாதை," என்றேன்.

"நான் அரச ஊழியர். புள்ளி போடுவதற்கு முன்னால் மாணவரிடம் பரிசு வாங்கினால் அதற்கு வேறு பெயர். இதை நான் அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டிவரும். இதன் பெறுமதி என்ன?"

லஞ்சம். தோற்றால் வீட்டுக்குப் போகலாம். லஞ்சம் என்று எழுதினால் எங்கே போவது?

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை," என்று பின்வாங்கிலிருந்து மனுவல் ஜெர்மனில் கத்தினார். "அது பழசு. கனபேர் போட்டது."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. மனுவலில் கோபம், கோழியில் கோபம், அன்றைக்குச் சைக்கிளை எடுத்துவைத்த காலையில் கோபம். கோபம் வந்தால் எனக்கு வாய் வந்துவிடும், அதுதான் என் இயல்பு. ஒலிவாங்கியை மேசையில் வைத்தேன்.

"ஓம், பழசு," என்றேன். "இது முதலில் யாருக்குப் போர்த்தியது என்று எங்கள் ஊர் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. நடன ஆசிரியைக்குப் போர்த்தினார்கள், பாதருக்குப் போர்த்தினார்கள், இந்தா இருக்கிறாரே, இவருக்கும் போர்த்தினார்கள். அந்த மூலையைப் பாருங்கள். அந்தக் கறை றோல்ஸ் எண்ணெய். இதை விற்கப் போனால் யாரும் வாங்கமாட்டார்கள்."

ஹெர் ப்றொக்மன் மூலையைத் தேடிப் பிடித்து, கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். வகுப்பு சிரித்தது.

யாட்விகா கையைத் தூக்கினாள். "எனக்கொரு கேள்வி. இந்தத் துணிக்கும் மறுமலர்ச்சிக்கும் என்ன தொடர்பு?"

அவள் வேண்டுமென்றே கேட்டாள் என்பது எனக்கு விளங்கியது. கேள்வி நேரத்துக்குக் கோழி இல்லை.

"இதேதான் அது," என்றேன். "ரோமர் தங்கள் வீரருக்குப் போர்த்திய புகழைக் கழற்றி எடுத்து, மறுமலர்ச்சி எழுத்தாளர்கள் இத்தாலியில் தங்களுக்குச் சம்பளம் தருகிற பிரபுவுக்குப் போர்த்தினார்கள். அளவு சரியா என்று பார்க்கவில்லை." அப்படியே கொட்டினேன். சீட்டு விளையாடிவிட்டு அரசவை உடுப்பு உடுத்தவரைச் சொன்னேன். அந்தோனியாரிடம் திறப்புக் கேட்கிற மாதிரி ரோமருக்குக் கடிதம் எழுதியவரைச் சொன்னேன். இடிமின்னல் தெய்வம், தேனீ, களவு, ஒன்றையும் விடவில்லை. என் ஜெர்மனில் எத்தனை பிழை என்று எனக்குத் தெரியாது. யாரும் எண்ணவில்லை என்று நினைக்கிறேன்.

"அப்படியானால் அவர்கள் பிரதி எடுத்தவர்கள், அவ்வளவுதானா?" என்று கேட்டார் ஹெர் ப்றொக்மன். அவர் குரலில் இப்போது கேள்விதான் இருந்தது, அலுவலகம் இல்லை.

"இல்லை. துணி பழசு, தோள் புதுசு. யாராவது போர்த்திவிட்டால் ஆள் கொஞ்சம் நிமிர்ந்து இருப்பார். அந்த நிமிர்வு பழசு இல்லை. அதிலிருந்து அவர்கள் சொந்தமாகவும் எழுதினார்கள். நீங்களும் இப்போது நிமிர்ந்துதான் இருக்கிறீர்கள்."

ஹெர் ப்றொக்மன் குனிந்து தன்னைப் பார்த்தார். உண்மைதான். அந்த மனுசன் கூனியே இருப்பவர்.

அவர் பேனையை எடுத்து, திரும்ப வைத்தார். "அந்தக் காலத்துப் பேச்சாளர்கள் சபையைப் புகழ்ந்து, தங்களுக்குத் தகுதி இல்லை என்று நீட்டி முழக்கித்தான் தொடங்குவார்கள். அதுவும் ரோமரிடம் எடுத்தது. உங்கள் முதல் கால் மணி நேரம் அதுதான். தெரிந்தா செய்தீர்கள்?"

"ஓம், ஓம், கட்டாயம்," என்றார் மனுவல் பின்னாலிருந்து.

எனக்கு ஒரு சொல் போதும், தப்பிவிடலாம். வாய்வரை வந்தது. ஆனால் இந்தச் சோதனைக்கு நான் இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். அதில் பொய் எழுத மனம் வரவில்லை.

"இல்லை," என்றேன். "எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குவார்கள். எனக்கு வேறு மாதிரித் தொடங்கத் தெரியாது."

ஹெர் ப்றொக்மன் பேனையைத் திரும்பவும் எடுத்தார். "அவர்களுக்கும் தெரியாது," என்றார்.

பிறகு எழுதினார். நேரம் தவறியதற்குப் புள்ளி வெட்டியதாகவும், வெட்டிய பிறகு மிச்சம் இருப்பது தேறப் போதும் என்றும் சொன்னார். பெறுமதி இல்லாத துணியை அறிவிக்கத் தேவையில்லையாம். ஆனாலும் அவர் அதை வைத்திருக்க முடியாது. எழும்பி வந்தார். பொன்னாடையைக் கழற்றி எனக்குப் போர்த்தினார். போர்த்தத் தெரியாது. தலைமயிர் வெட்டுகிறவர் கட்டுவதுபோல முன்னால் விரித்து, பிடரியில் முடிச்சுப் போட்டுவிட்டார்.

நான் அழுதேன். முடிச்சு இறுகியதால் என்று யாட்விகாவிடம் சொன்னேன்.

எஸ்-பானில்

திரும்பி வரும்போது குளிர்க்கோட்டுக்கு மேல் பொன்னாடையைச் சரியாகப் போட்டுக்கொண்டு இருந்தேன். எதிரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மனுவல் கையை நீட்டினார். "தாரும், மடிச்சு வைப்பம். ஞாயிற்றுக்கிழமை திருவிழா. பாதருக்குப் போர்க்கவேணும்."

"ஏலாது."

"என்னெண்டு ஏலாது? பொன்னாடை சுத்தவேணும்."

"இது சுத்தினது காணும். பாதருக்கு வேறை வாங்குங்கோ. இது எனக்குச் சோதனை பாஸானதுக்கு விழுந்தது."

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அப்படி ஆளைக் கண்டதில்லை, எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. பிறகு எழும்பி, கோட்டை இழுத்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கிழமைக் கடைசிக் குரலை எடுத்தார். நல்லவேளை, ஒலிவாங்கி பெட்டிக்குள் இருந்தது.

"இந்த வண்டியைச் சிறப்பாகச் செலுத்திக்கொண்டிருக்கும் மதிப்புக்குரிய சாரதி அவர்களே, பயணச்சீட்டு எடுத்தும் எடுக்காமலும் வருகை தந்திருக்கும் பயணிகளே, கதவருகில் சைக்கிளோடு நிற்கும் அன்பரே..."

என் மனுசி வரலாற்றுச் சோதனை பாஸ் என்று அறிவிக்கப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். ஒருவருக்கும் தமிழ் விளங்காது என்பதும் தெரியும். வேறு நாளாக இருந்தால் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தியிருப்பேன். அன்று நிமிர்ந்து இருந்து கேட்டேன்.

நாங்கள் இறங்கவேண்டிய இடம் வந்தது, கதவு திறந்தது, மூடியது. மனுவல் இன்னும் வணக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.